புயலுக்குப் பிறகு: தங்குமிடக் கொப்பியிலிருந்து கூரைத் திருத்தம் வரை

யாழ்ப்பாணத்துக்குப் புயல் வருவது ஏறக்குறைய நாள் குறித்து வருவது போலத்தான். 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2024இல் ஃபெங்கால், 2025இல் டித்வா எல்லாமே நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதற் கிழமையிலும் ஆட்டிவிட்டுப் போனவை. ஆகவே ஒரு சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ ஒக்டோபரிலேயே ஆயத்தமாகிவிடலாம். முதன்முதலாக இந்த வேலையில் இறங்கும் தொண்டர்களுக்கானது இந்தக் குறிப்பு.

ஆக்களைத் தங்கவைப்பதை ஒரு குழுவும் வீடு திருத்துவதை இன்னொரு குழுவும் என்று பிரித்துக் கொடுத்தால், இரண்டாவது குழு ஒரு கிழமை கழித்து வெறுங்கையோடு தொடங்கும். முதல் இரவு எழுதும் பதிவுக் கொப்பிதான் சாப்பாட்டுக்கும் தறப்பாளுக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை. அதனால் கொப்பி எழுதுபவரை முதலில் தெரிவுசெய்யுங்கள், சமைப்பவரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) சொல்லிவிட்டுக் கதவைத் திறவுங்கள்

மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. கிராம அலுவலர் கொடுக்கும் எண்ணிக்கை பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்குப் போகும். சமைத்த உணவும் உலர் உணவும் அந்த எண்ணிக்கையை வைத்தே வரும். ஊர் இளைஞர்கள் நல்ல மனதோடு ஒரு மண்டபத்தைத் திறந்து 40 குடும்பங்களை ஏற்றிவிட்டு, மூன்றாம் நாள்தான் விதானையாரிடம் சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. கணக்கில் இல்லாத நிலையத்துக்குச் சோற்றுப் பார்சலும் வராது, தண்ணீர்ப் பவுசரும் வராது.

சுவரில் பெரிதாக எழுதி ஒட்டவேண்டிய இலக்கங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, மின்கம்பி அறுந்தால் மின்சார சபை 1987.

நெடுந்தீவுக்காரர் இதை வேறுமாதிரித் திட்டமிட வேண்டும். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் படகு நின்றுவிடும். அரிசி, குழந்தைப் பால்மா, தறப்பாள், ஆணி எல்லாம் எச்சரிக்கை வருவதற்கு முன்பே தீவில் இருக்க வேண்டும்.

படி 2: இடம் தெரிவு

பள்ளிக்கூடம்தான் எல்லோருக்கும் முதலில் நினைவு வரும். ஆனால் புயல் காலமும் உயர்தரப் பரீட்சைக் காலமும் மோதிக்கொள்வதுண்டு. 2024 நவம்பரில் மழையால் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்தது. பரீட்சை மண்டபமாக உள்ள பள்ளிக்கூடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கோயில் மடம், தேவாலய மண்டபம், பொதுநோக்கு மண்டபம் என்று இரண்டாவது, மூன்றாவது இடங்களையும் பேசி வையுங்கள். திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். இரவு 11 மணிக்குத் திறப்புக்காரரைத் தேடுவது வீண் அலைச்சல்.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். கடைசி வெள்ளம் சுவரில் எவ்வளவு உயரத்துக்குக் கறை விட்டிருக்கிறது? கூரை கொங்கிறீற்றா, ஓடா, சீற்றா? பக்கத்தில் சாயக்கூடிய மரம் உண்டா?

அடுத்தது கணக்கு. ஒரு ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம் என்பது உலக மனிதாபிமான நியமம். ஏறக்குறைய 38 சதுர அடி. 20க்கு 20 அடி வகுப்பறையில் வாங்கு மேசையை வெளியே எடுத்தால் 10 பேர்தான் கணக்கு. முதல் இரவு 20 பேர் இருப்பார்கள், அதைத் தவிர்க்க முடியாது. இரண்டாம் நாளும் அப்படியே விட்டால் இருமலும் சொறியும் சண்டையும் தொடங்கும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர்: 120 பேருக்கு 1,800 லீற்றர், அதாவது 1,000 லீற்றர்த் தாங்கியை நாளுக்கு இரண்டு தரம் நிரப்ப வேண்டும். மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று. 120 பேருக்கு 6 இருந்தால் 4ஐப் பெண்களுக்கு விடுங்கள். அங்கு போகும் பாதையில் இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டும். இருட்டுக்குப் பயந்து பின்னேரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் எந்த நிலையத்திலும் இருப்பார்கள். அவர்கள் அதை உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

படி 3: பதிவுக் கொப்பி

ஒரு குடும்பத்துக்கு ஒரு முழுப் பக்கம். வரிசை இலக்கம், குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவின் ஜே இலக்கம், ஆண், பெண், வயது, தொலைபேசி. பிறகு கர்ப்பிணி, கைக்குழந்தை, நடக்க முடியாதவர், தினமும் மருந்து எடுப்பவர். இன்சுலின் போடுபவர் இருந்தால் பக்கத்தின் மேல்மூலையில் சிவப்புப் பேனையால் குறியுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் அந்த மருந்தைக் குளிரில் வைக்க ஏற்பாடு வேண்டும்.

பக்கத்தின் கீழ்ப்பாதி வீட்டுக்கு. கூரை என்ன வகை, சுவர் கல்லா மண்ணா தகரமா, என்ன சேதம், காணி யாருடையது. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். எங்கள் ஊர்களில் காணி உறுதி தகப்பன் பெயரில் இருக்கும், தகப்பன் இறந்திருப்பார், பிள்ளைகள் கனடாவில் இருப்பார்கள், வீட்டைப் பார்க்கிறவர் தூரத்து உறவு. திருத்தத்துக்குப் பணம் வரும்போது கையெழுத்திட ஆளில்லாமல் கோவை மேசையில் கிடக்கும். முதல் நாளே குறித்துக்கொண்டால், உரிமையாளரிடமிருந்து சம்மதக் கடிதம் எடுக்கக் காலம் கிடைக்கும்.

இரண்டு பிழைகளில் கவனம் வையுங்கள். ஒன்று, ஒரே வளவில் மூன்று குடும்பம் இருந்தால் ஒரே பக்கத்தில் எழுதிவிடுவது. மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று பக்கம். மற்றது, உறவினர் வீட்டுக்குப் போனவர்களை எழுதாமல் விடுவது. நிலையத்துக்கு வரவில்லை என்பதால் அவர்களின் கூரை பறக்கவில்லை என்று ஆகாது.

படி 4: காற்று அடிக்கும் நேரம்

இங்கே ஒரே ஒரு விடயம். புயலின் மையம் நேரே மேலால் போனால் காற்று திடீரென்று அடங்கும். மாடு அவிழ்க்கவும் கூரையைப் பார்க்கவும் ஆண்கள் வெளிக்கிடுவது அப்போதுதான். சற்று நேரத்தில் காற்று எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தோடு திரும்பி அடிக்கும். விதானையாரிடமிருந்து தகவல் வரும்வரை கேற்றைப் பூட்டியே வையுங்கள்.

படி 5: வீட்டைப் பார்த்துத் தரம் பிரித்தல்

காற்றும் வெள்ளமும் அடங்கியதும் இருவர் இருவராகப் போங்கள். கொப்பியின் வரிசை இலக்கத்தை ஒரு மட்டையில் பெரிதாக எழுதி, அது படத்தில் விழும்படி பிடித்துப் படமெடுங்கள்: முன்பக்கம், கூரையின் ஒவ்வொரு சரிவு, உள்ளே நின்று மேல்நோக்கி ஒன்று, வெடிப்புகள். உடைந்த ஓட்டைக் கூட்டி அள்ளுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். துப்புரவாக்கிய வீட்டின் படத்தைப் பார்த்து எந்த உத்தியோகத்தரும் சேதத்தை மதிப்பிட முடியாது.

அரச அறிக்கைகளில் முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று இரண்டுதான். உங்கள் வேலைக்கு மூன்றாகப் பிரியுங்கள். பச்சை: சில ஓடுகள் போயிருக்கும், இன்றே திரும்பலாம். மஞ்சள்: சுவர் நல்லது, கூரைக்குத் தறப்பாள் வேண்டும். சிவப்பு: உள்ளே படுக்கக் கூடாது. பேனை நுழையும் அகல வெடிப்பு, மூலையில் இரண்டு சுவரும் விலகி நிற்பது, அத்திவாரத்தின் கீழ் மண் அரித்துப் போனது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிவப்பு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை அதை மாற்றாதீர்கள். இழப்பீட்டுத் தொகையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அது சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும், நீங்கள் சொன்ன தொகை மட்டும் ஊரில் நிலைத்துவிடும்.

தென்மராட்சி, வடமராட்சி கிழக்குப் பக்கம் இடிபாடு அள்ளும்போது சந்தேகமான இரும்புத் துண்டு (போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம்) தெரிந்தால் கை வைக்காமல் விலகி, 119க்குச் சொல்லுங்கள்.

படி 6: தறப்பாள் போடுதல்

மஞ்சள் வீடுகளே நிலையத்தை விரைவாகக் காலியாக்கும் வழி. நிவாரணத்தில் வரும் தறப்பாள் பெரும்பாலும் 4க்கு 6 மீற்றர், அதாவது 13க்கு 20 அடி. 16க்கு 12 அடி வீடொன்றுக்குக் கணக்குப் பாருங்கள். அரைவாசி அகலம் 6 அடி, இறவாரம் ஒன்றரை அடி, மொத்தம் ஏழரை. 30 பாகைச் சரிவில் அது எட்டே முக்கால் அடிக்குக் கிட்ட வரும். இரண்டு சரிவும் சேர்த்துப் பதினேழரை அடி, ஓரம் சுருட்ட இரண்டு அடி. 20 அடி நீளம் முகட்டுக்கு மேலால் மட்டுமட்டாகப் போதும். வீட்டின் நீளப்பாட்டுக்கு ஒரு தறப்பாளின் 13 அடி போதாது. எனவே இரண்டு தறப்பாள், இரண்டு அடி ஒன்றன்மேல் ஒன்று. ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று பங்கிட்டால் இருவருக்குமே நனையும்.

வேலை ஒழுங்கு இதுதான். உடையாத ஓடுகளை இறக்கி அடுக்குங்கள். முறிந்த கைமரத்துக்கு (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து வரும் மரம்) பக்கத்தில் புதிதாக ஒன்றை அணைத்து ஆணியடியுங்கள். இதைச் செய்யாமல் தறப்பாளை விரித்தால் நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீற்றரில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 100 கிலோ. அது மிச்சக் கூரையையும் இழுத்துக்கொண்டு வரும்.

தறப்பாளுக்கு நேரே ஆணி அடிக்கக் கூடாது. காற்று ஒரு தரம் இழுத்தாலே ஆணித் துளை கிழிசலாகும். ஓரத்தைப் பனஞ்சலாகையில் (பனைமரத்தில் கீறிய ஒடுங்கிய சட்டம்) இரண்டு சுற்றுச் சுற்றி, சலாகையைக் கைமரத்தோடு சேர்த்து அடியுங்கள். மூலைக் கண் (கயிறு கட்டும் துளை) பிய்ந்திருந்தால், நெல்லிக்காய் அளவு கூழாங்கல்லைத் தறப்பாளுக்குள் வைத்துப் பொட்டளி போலத் திரட்டி, கழுத்தில் கயிற்றைச் சுருக்குங்கள். அந்தப் பிடி கண்ணைவிடப் பலமானது.

இரண்டு தறப்பாளும் சேரும் இடத்தில், வாடைக்காற்று வரும் பக்கத்துத் தறப்பாள் மேலே இருக்க வேண்டும். மாறிப் போட்டால் காற்று இடுக்குக்குள் புகுந்து பாய்மரம் போல ஊதிவிடும். மேலே கல்லோ ஓடோ வைக்காதீர்கள். கயிற்றை முகட்டுக்கு மேலால் போட்டு, இரு பக்கமும் மண்மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அஸ்பெஸ்ரஸ் சீற் மேல் நேரே கால் வைக்கவே கூடாது. பார்வைக்கு உறுதியாக இருக்கும், ஆள் ஏறினால் நடுவால் உடைந்து விழுத்தும். மரச் சட்டம் போகும் வரிசையில் பலகை போட்டு, பலகையில் மட்டும் நில்லுங்கள். உடைந்த சீற்றை வாள் வைத்து அறுக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு எடுத்துப் பொலித்தீனில் கட்டுங்கள். ஒழுங்கைப் பள்ளம் நிரப்ப அதைக் கொட்டும் பழக்கத்தை விடுவது நல்லது. வண்டிச் சில்லு அரைக்கும் தூசு நெஞ்சுக்குள் போகும்.

படி 7: நிரந்தரத் திருத்தம்

பறந்த கூரைகளைப் பார்த்தால், ஓடு பலவீனமாக இருந்ததைவிடப் பிணைப்பு இல்லாததே பெரும்பாலும் காரணம். கைமரம் சுவர்வளையோடும் (சுவரின் மேல் படுத்திருக்கும் மரம்), சுவர்வளை சுவரோடும் கட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கைமரத்தையும் கல்வனைஸ் பட்டியால் வளையோடு கட்டுங்கள். வளையை 10 மில்லிமீற்றர்க் கம்பியால் சுற்றி லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற்று வளை) வரை இறக்கிக் கொங்கிறீற்றில் பிடியுங்கள். ஓட்டுக் கூரையில் இறவாரத்து முதல் இரண்டு வரிசையும் முகட்டு வரிசையும்தான் முதலில் எழும்பும். கட்டுவதற்குத் துளை உள்ள ஓட்டை அந்த வரிசைகளில் வைத்துக் கம்பியால் சலாகையோடு கட்டுங்கள். சீற் என்றால் திருகாணி மேட்டில் போகவேண்டும். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். இறவாரம், முகடு, பக்க ஓரம் மூன்றிலும் திருகாணியை நெருக்கமாகப் போடுங்கள்.

திரும்பிப் போகும் குடும்பங்களுக்குக் கிணறும் ஒரு பிரச்சினை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்குச் சுலபமாக வந்துவிடும். வெள்ளம் மூடிய கிணற்றை இறைத்துக் குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். அவர் தண்ணீரின் அளவைக் கேட்பார்: 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் ஆழத் தண்ணீர் என்றால் சுமார் 14,000 லீற்றர். அவர் பரிசோதித்து நல்லது என்று சொல்லும்வரை குடிக்கப் பவுசர்த் தண்ணீர்தான்.

நிலையத்தை மூடும் நாளில் கொப்பியை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கிராம அலுவலருக்கு, ஒன்று சனசமூக நிலைய அலுமாரிக்கு. சிவப்புக் குடும்பங்களின் பக்கங்களில் இப்போது எங்கே இருக்கிறார்கள், எந்தத் திகதியில் மறுபடி போய்ப் பார்ப்பது, யார் போவது என்று எழுதி, போகவேண்டியவரின் கையெழுத்தையும் வாங்குங்கள்.