ஆப்பிரிக்காவிலிருந்து வீடு திரும்பும் பயணம்: பலரும் செய்யும் தவறுகள்

ஆப்பிரிக்கா போக ஆசைப்படுகிறவர்கள் போகிற வழியைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். வில்டபீஸ்ட் என்னும் மான் வகைக் கூட்டம் எந்த மாதம் மாரா ஆற்றைக் கடக்கும், என்ன தடுப்பூசி போட வேண்டும், எந்த லென்ஸை எடுத்துப் போகலாம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். திரும்புவதற்கு மட்டும் ஒரு டிக்கெட் கையில் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

காட்டுக்குள் இருக்கும் ஒரு கூடார முகாமிலிருந்து சொந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர மண் சாலை, குட்டி விமானம், பெருநகர நெரிசல், நள்ளிரவு விமானம், நடுவில் வேறொரு நாட்டில் காத்திருப்பு என்று ஒன்றரை இரண்டு நாள் போய்விடும். போகும்போது ஏதாவது பிசகினால் சரிசெய்ய நாள் இருக்கிறது. திரும்பும்போது நாளும் இருக்காது, பணமும் கரைந்திருக்கும், உடம்பும் அசந்திருக்கும். அதனால் திரும்பும் பயணத்தையும் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே திட்டமிட்டுவிட வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

கடைசி நாளில் எல்லாவற்றையும் திணிப்பது

காலையில் ஒரு சுற்று விலங்கு பார்த்துவிட்டு ராத்திரி விமானத்தைப் பிடித்துவிடலாம் என்பது நான் அடிக்கடி கேட்கும் திட்டம். வரைபடத்தில் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றும். கென்யாவின் மாசாய் மாரா காட்டிலிருந்து தலைநகர் நைரோபி ஏறத்தாழ 270 கி.மீ. ஆனால் அதற்கு ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். மழை பெய்திருந்தால் பூங்காவை ஒட்டிய மண் பாதையிலேயே வண்டி புதைந்து நின்றுவிடலாம். தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்கா நடுவிலுள்ள செரோனெராவிலிருந்து அருஷா நகரம் 300 கி.மீ.க்கு மேல், இங்கோரோங்கோரோ மலை விளிம்பில் ஏறி இறங்கி வர ஏழு எட்டு மணி நேரம் பிடிக்கும். அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. பூங்கா அனுமதி 24 மணி நேரத்துக்குத்தான். நேரம் தாண்டி வாசலுக்கு வந்தால் மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் தார்ச் சாலையில் மணிக்கு 50 கி.மீ., மண் சாலையில் 40 கி.மீ. என்பதுதான் வேக வரம்பு. வாசல் மூடும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். வழியில் ஒரு யானைக் கூட்டம் சாலையை மறித்து நின்றால் அது நகரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நமீபியாவில் சரளைக் கல் பாதைகள் டயரைப் பதம் பார்த்துவிடும். ஒரு பஞ்சர் ஆனாலே ஒரு மணி நேரம் காலி. நேரம் போய்விட்டதே என்று இருட்டிய பிறகும் ஓட்டிக்கொண்டு வருவது அதைவிடப் பெரிய தவறு. ஊருக்கு வெளியே இரவில் சாலைக்குக் குறுக்கே கூடு (kudu) என்னும் பெரிய மான்கள் பாயும், மாடுகள் படுத்திருக்கும். இரவில் ஓட்டி விபத்து நடந்தால் வாடகைக் கார் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதும் உண்டு. கையெழுத்துப் போடும்போது அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? கடைசி இரவைக் காட்டில் கழிக்காமல், விமானம் ஏறப்போகும் நகரத்தில் கழியுங்கள். ஒரு சஃபாரிச் சுற்று குறையும், உண்மைதான். அந்த ஒரு இரவில் துணியை ஒழுங்காக அடுக்கலாம், குளிக்கலாம், காகிதங்களைச் சரிபார்க்கலாம், ஏதாவது தாமதமானால் அதைத் தாங்கவும் இடம் இருக்கும்.

முகாமிலிருந்து குட்டி விமானத்தில் வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். கென்யாவிலும் தான்சானியாவிலும் செஸ்னா கேரவன் மாதிரியான சின்ன விமானங்களில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப் பையாக இருக்க வேண்டும். போகும்போது சரியாக 15 கிலோ வைத்திருந்தவர் திரும்பும்போது மரச்சிற்பமும் காப்பிக்கொட்டையும் சேர்த்து 20 கிலோவோடு மண் ஓடுதளத்தில் நிற்பார். கடினப் பெட்டியையும் தேவையில்லாத துணியையும் நகரத்து விடுதியில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவது நல்லது. பெரும்பாலான விடுதிகள் பத்திரமாக வைத்துத் தருவார்கள். வாங்குவதையும் நகரத்துக்குத் திரும்பிய பிறகு வாங்குங்கள்.

அந்தச் சின்ன விமானம் நைரோபியில் பெரும்பாலும் வில்சன் விமான நிலையத்தில்தான் இறங்கும். வெளிநாட்டு விமானமோ ஜோமோ கென்யாட்டா நிலையத்திலிருந்து கிளம்பும். இரண்டும் நகரத்தின் வெவ்வேறு பக்கம், நடுவில் நைரோபியின் நெரிசல். போதாக்குறைக்கு ஜோமோ கென்யாட்டாவுக்குள் நுழையும் இடத்திலேயே பயணிகளைக் காரிலிருந்து இறக்கிச் சோதனை செய்யலாம். முனையத்துக்குள் போகும்போது இன்னொரு சோதனை. ஜோகன்னஸ்பர்க்கிலும் ஓ.ஆர். டாம்போ, லான்சேரியா என்று இரண்டு நிலையங்கள் உண்டு. டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் நிலையத்தின் பெயரையும் பாருங்கள்.

மணியும் தேதியும்

கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் காலை ஆறு மணியிலிருந்து நேரத்தை எண்ணுவார்கள். நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. எத்தியோப்பியாவிலும் இதே முறைதான். அங்கே நாட்காட்டியே தனி, வருடத்துக்கு 13 மாதம், ஆண்டுக் கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால். விமான டிக்கெட்டுகள் எல்லாம் உலகம் முழுக்கப் புழங்கும் நேரத்தில்தான் அச்சாகும், அதில் குழப்பமில்லை. ஆனால் ஓட்டுநரிடமோ பேருந்து நிலையத்திலோ வாயால் பேசி முடிவு செய்யும்போது ஆறு மணி நேரம் மாறிப்போக வாய்ப்பு இருக்கிறது. "காலையா, மாலையா, ஐரோப்பிய மணியா, உள்ளூர் மணியா" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான்.

அதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது நள்ளிரவு விமானத்தில். நைரோபி, அடிஸ் அபாபா போன்ற நிலையங்களிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானங்கள் நிறைய. 15ஆம் தேதி 00:40 என்று டிக்கெட்டில் இருந்தால் நீங்கள் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் கிளம்பி ஒரு நாள் ஆகியிருக்கும். விசாவின் கடைசி நாள் 14 என்றிருந்தால் இன்னொரு தலைவலி: நள்ளிரவுக்குப் பிறகு குடியேற்ற மேசைக்குப் போனால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிய கணக்காகிவிடும். விசா நாளை எண்ணும்போது விமானம் கிளம்பும் தேதியையும் சேர்த்தே எண்ணுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை தானாகப் போகாது; நடுவிலுள்ள நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நுழைய வேண்டும் என்றால் விசா கேட்பார்கள். மிச்சம் பிடித்த பணத்தைவிடச் செலவு அதிகமாகிவிடும்.

பையில் இருப்பது என்ன

கடற்கரையில் கிடந்த சிப்பிதானே என்று எடுத்துப் பையில் போடாதீர்கள். கென்யாவிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் சிப்பி, பவளம், ஆமையோடு ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோவது குற்றம். குழந்தைகளின் பையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், அவர்கள் ஆசையாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989இல் தடை விதிக்க முடிவானது. தந்த மணி மட்டுமல்ல, யானை முடியில் செய்த வளையலும் சிக்கலில் மாட்டிவிடும். கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்ற வாதம் சுங்க மேசையில் எடுபடாது.

மாசாய் ஈட்டி, ருங்கு தடி இவையெல்லாம் செக்-இன் பெட்டியில் போக வேண்டியவை. ஆட்டுத்தோல் கட்டிய மேளம், விதை மணிகள், பில்டாங் என்னும் உலர்ந்த இறைச்சி இவற்றைப் பல நாடுகள் உள்ளே விடாது, அல்லது சோதித்த பிறகே விடும். எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுதிவிடுவதே நல்லது. எழுதினால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதமும் வரும். காட்டில் நடந்த ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிடுங்கள். பவர் பேங்கும் கேமரா பேட்டரிகளும் கைப்பையில் இருக்க வேண்டும். படங்கள் உள்ள மெமரி கார்டு ஒரு பையிலும், அதன் நகல் இன்னொரு பையிலும் இருக்கட்டும். பத்து நாள் விடிகாலை எழுந்து எடுத்த படங்கள் அவை.

தென்னாப்பிரிக்காவில் வாங்கி வெளியே கொண்டுபோகும் பொருள்களுக்கு, மொத்தம் 250 ராண்டுக்கு மேல் இருந்தால், வெளிநாட்டவர் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பக் கேட்கலாம். பலர் பெட்டியைச் செக்-இன் செய்துவிட்டு வெறும் ரசீதோடு வருகிறார்கள். அதிகாரி பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் முதலில் வரியைத் திரும்பக் கேட்கும் மேசை, அப்புறம்தான் செக்-இன்.

மீதிப் பணத்தை அங்கேயே மாற்றிவிடுங்கள். கென்ய ஷில்லிங்கையோ எத்தியோப்பிய பிர்ரையோ வேறு கண்டத்தில் மாற்றுவது பெரும்பாடு. துனிசியா தன் தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவே விடாது. மேற்கு ஆப்பிரிக்காவின் சிஎஃப்ஏ ஃபிராங்கும் மத்திய ஆப்பிரிக்காவின் சிஎஃப்ஏ ஃபிராங்கும் ஒரே மதிப்புதான், ஆனால் ஒன்றை மற்றதன் நாட்டில் கடையில் வாங்க மாட்டார்கள்.

உடம்பை மறந்துவிடுவது

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை போகும்போது மட்டும் தேவை என்று நினைத்துச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இந்தியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் இறங்கியதும் அதைக் கேட்கும். அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா ஆகியவை அந்தப் பட்டியலில் இருப்பவை. தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் போனவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. திரும்பும் வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் அதையும் பல நாடுகள் கணக்கில் எடுக்கும். பழைய அட்டையில் பத்து வருடக் கெடு எழுதியிருந்தால் கவலை வேண்டாம். 2016 ஜூலை முதல் அந்த அட்டை வாழ்நாள் முழுக்கச் செல்லும். அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.

சான்சிபாரிலோ செங்கடலிலோ ஸ்கூபா கருவியோடு ஆழ்கடலில் மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது. ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகப் பிரிவதுதான் ஆபத்து. குட்டி விமானத்துக்கும் இது பொருந்தும். அதன் உள்ளே காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வசதிகூடப் பெரும்பாலும் இருக்காது.

நீண்ட விமானத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஆரோக்கியமானவர்களுக்கு இது அரிது. ஆனால் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது எழுந்து நடந்தால் போதும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் தவறு. வீட்டுக்கு வந்ததும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடுவது. கொசு இல்லாத இடத்துக்கு வந்தாயிற்றே, இனி எதற்கு என்று தோன்றும். ஆனால் கடைசி நாள் மாலையில் கடித்த கொசு விட்ட கிருமி முதலில் கல்லீரலில் தங்கி வளரும். ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் ரத்தத்துக்குள் வரும். டாக்ஸிசைக்ளினும் மெஃப்லோகுயினும் ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் கொல்லும். அதனால் மலேரியா உள்ள பகுதியை விட்டுக் கிளம்பிய பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் கல்லீரலில் இருக்கும்போதே தாக்கும் என்பதால் ஏழு நாள் போதும். திரும்பும் வழியில் பெட்டி தொலைந்தால் மாத்திரையும் சேர்ந்து தொலையும், ஆகவே அதுவும் கைப்பையில்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் மலேரியா வரலாம். திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பால்சிபாரம் வகை மலேரியா ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடியது; சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று இரண்டு நாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. வேறு சில வகைகள் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு வருவதால், ஒரு வருடம்வரை எந்தக் காய்ச்சலுக்கும் பயணத்தைப் பற்றிச் சொல்வது நல்லது. காய்ச்சலோடு தோலில் கறுத்த பொருக்குத் தட்டிய சின்னப் புண்ணும் இருந்தால் அது உண்ணிக் கடியால் வரும் காய்ச்சலாக இருக்கலாம். மலாவி ஏரியிலோ விக்டோரியா ஏரியிலோ குளித்தவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மூன்று மாதம் கழித்து பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணிப் புழு நோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

மருத்துவர் எப்போதும் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று இருக்காதீர்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்லுங்கள். எந்த நாடுகள், என்றைக்குத் திரும்பினீர்கள், என்ன மாத்திரை, எத்தனை நாள் விட்டுப்போனது, ஏரியில் குளித்தீர்களா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் காய்ச்சல் மயக்கத்திலும் எதுவும் விட்டுப்போகாது.