வண்டிக்கு ஜி.பி.எஸ். போட்டாச்சு, அப்புறமும் ஏன் டிரைவருக்குப் போன்?

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் நாலைந்து வண்டி வைத்துத் தொழில் செய்பவர்கள் நிறைய. இரண்டு குட்டியானை (டாடா ஏஸ்), அதைவிடக் கொஞ்சம் பெரிய தோஸ்த் ஒன்று, ஒரு ஆறு சக்கர லாரி என்று கலந்து ஓடும். பலருடைய வண்டியில் இப்போது ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது, ஓனர் போனில் அதற்கான ஆப்பும் இருக்கிறது. ஆனால் டிரைவருக்குப் போன் போடுவது மட்டும் குறையவில்லை, கூடியிருக்கிறது. முன்பு வண்டி எங்கே என்று தெரியாமல் கூப்பிட்டார்கள். இப்போது அது நிற்பது தெரிகிறது, ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை, அதனால் கூப்பிடுகிறார்கள். கேட்காமலே தெரிந்துகொள்ளத்தான் கருவி வாங்கியது. அது நடக்காமல் போவதற்கான காரணங்களில் பாதி ஓனர் பக்கமே இருக்கிறது.

ஓடும் வண்டிக்குப் போன் போடுவது

இதுதான் பெரிய தவறு, இதையே முதலில் நிறுத்த வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையைப் பார்க்க மூன்று நொடி ஆனால், 50 மீட்டர் தூரம் ரோட்டைப் பார்க்காமலே கடந்தாயிற்று. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. 2019 திருத்தத்தில் இதைத் தெளிவாகச் சேர்த்தார்கள். 2020 அக்டோபரிலிருந்து மத்திய விதி ஒரே ஒரு பயனுக்கு இடம் கொடுக்கிறது: வழி பார்க்கலாம், அதுவும் கவனம் சிதறாமல்.

"அதான் புளூடூத் வாங்கிக் கொடுத்திருக்கேனே" என்பார்கள். கை சும்மா இருக்கும், சரி. நேற்றைய பேட்டாக் கணக்கில் 200 ரூபாய் எங்கே என்று காதில் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள், முன்னால் போகிற பஸ்ஸின் பிரேக் விளக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருப்பார். முதல் தடவை எடுக்கவில்லை என்றால் உடனே மறுபடி அடிப்பது இன்னும் மோசம். எடுக்காவிட்டால் ஓனர் திட்டுவார் என்ற பயத்திலேயே எடுக்கும் டிரைவர்கள்தான் அதிகம்.

பேச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லோடு ஏற்றி முடிந்ததும் ஒரு கூப்பிடல், டீக்கு நிறுத்தும்போது ஒன்று, இறக்கியதும் ஒன்று. மூன்றையும் டிரைவரே போடட்டும். நடுவில் தெரிய வேண்டியதை ஆப்பில் பாருங்கள். வண்டி ஓடுவதாகக் காட்டினால், எவ்வளவு அவசரமானாலும் நிற்கும் வரை பொறுப்பதுதான் முறை.

பார்ட்டிக்கு டிரைவர் நம்பரைக் கொடுத்துவிட்டு மறந்துபோவதும் இதே கணக்கில் வரும். லோடு அனுப்பியவர், வாங்குபவர், புரோக்கர் என்று ஆளாளுக்கு "எங்கப்பா வந்துட்டு இருக்கே" என்று கேட்டால் அந்த மனிதர் எப்போது ரோட்டைப் பார்ப்பார்? பெரும்பாலான டிராக்கிங் ஆப்களில் குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் வேலை செய்யும் லிங்க் ஒன்றை அனுப்ப வசதி உண்டு. அதைப் பார்ட்டிக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷன் அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும், டிரைவர் போனின் சார்ஜையும் தின்னும். ராத்திரி டிரிப்புக்கு அது சரிப்படாது.

கார் மேப்பை நம்பி லோடு வண்டியை விடுவது

கூகுள் மேப் காருக்கும் பைக்குக்கும்தான் வழி சொல்லும். உங்கள் வண்டியின் உயரமோ எடையோ அதற்குத் தெரியாது. ரயில்வே சப்வேயில் பாடி மாட்டுமா, எந்தத் தெருவில் பகலில் லாரியை விடமாட்டார்கள் என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் திம்பம் மலைப்பாதை நல்ல உதாரணம். 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு, சரக்கு வண்டிக்கு இரவுத் தடை, எடைக்கும் உச்சவரம்பு. மேப்பில் அது ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகும் ரோடும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். செக்போஸ்ட்டில் போய் நின்ற பிறகு தெரிந்து பயனில்லை.

புது ஊருக்கு லோடு என்றால் முதல் நாளே அந்த வழியில் ஓடும் ஒரு டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். மேப் தூரத்துக்கும் டிராபிக்குக்கும் இருக்கட்டும். கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டு, தமிழ்க் குரலை ஆன் செய்துவிட்டால் திரையைப் பார்க்கும் வேலை பெரும்பாலும் இருக்காது. போன் ஸ்டாண்டை முன்கண்ணாடி நடுவில் ஒட்டாதீர்கள். அது மறைக்கும் இடத்தில்தான் ரோட்டைக் கடக்கும் ஆள் வருவார். ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், டேஷ்போர்டை ஒட்டிக் கீழே வையுங்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்து டிரைவரைத் திட்டுவது

ஒரு குட்டியானையின் ஒரு நாள் ரிப்போர்ட் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 9.10க்குக் கிளம்பியது. 9.50 முதல் 11.25 வரை ஒரே இடம். அதில் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது 38 நிமிடம். ஓனர் கண் நேராக அந்த 38-க்குப் போகும். "ஏசி கூட இல்லாத வண்டியில் எதுக்குய்யா இன்ஜினை ஓட விட்டே?"

இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு சாயப்பட்டறையின் கேட். முன்னால் ஏழெட்டு வண்டி. வரிசை பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி. செல்ப் ஸ்டார்ட் சரியாக எடுக்காத வண்டி என்றால் டிரைவர் அணைக்கவே பயப்படுவார். இங்கே சரி செய்ய வேண்டியது பேட்டரியா, டிரைவரா? அடுத்த நாலு டிரிப்பின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே கேட்டில் ஒன்றரை மணி நேரம் போகிறது என்றால், அந்தப் பார்ட்டியிடம் ஹால்டிங் (காத்திருந்ததற்கான காசு) கேட்க உங்களிடம் தேதி, நேரத்தோடு ஆதாரம் இருக்கிறது. ஜி.பி.எஸ்.சுக்குக் கட்டும் காசு திரும்பி வருவது இந்த மாதிரி இடத்தில்தான். டிரைவர் எந்த டீக்கடையில் எத்தனை நிமிடம் நின்றார் என்று தோண்டுவதில் ஒரு பைசாகூட வராது, நல்ல டிரைவர் வேறு வண்டி பார்த்துப் போய்விடுவார்.

இந்த எண்ணே சரியா என்பது அடுத்த கேள்வி. கருவியை மாட்டிய ஆள் சாவியோடு உயிர் வரும் வயரில் இணைப்புக் கொடுக்காமல், பேட்டரி வயர் இரண்டை மட்டும் சொருகிவிட்டுப் போயிருந்தால், இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதைக் கருவி அதிர்வையோ மின்னழுத்தத்தையோ வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். நிற்கும் வண்டியில் சாவியைப் போடுங்கள், எடுங்கள், ஆப்பில் மாறுகிறதா என்று பாருங்கள். மாட்டுபவர் கிளம்பும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

வேக எச்சரிக்கையை 50-ல் வைத்துவிட்டு, பைபாஸில் நாள் முழுக்க ஆப் கத்துவதைக் கேட்டுச் சலித்து, கடைசியில் எல்லா எச்சரிக்கையையும் அணைத்துவிடுபவர்களும் உண்டு. சரக்கு வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே 80 கி.மீ.க்குத்தான். எச்சரிக்கையும் அதை ஒட்டி இருந்தால் வரும்போது மதிப்பு இருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி நிற்கிறது என்று ஆப் சொன்னால் டிரைவர் தூங்குகிறார் என்று அர்த்தம். தூங்கட்டும். ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு, நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஜி.பி.எஸ். இருக்கிறது என்பதற்காகத் தூங்குபவரை எழுப்பி "ஏன் நிறுத்திட்டே" என்று கேட்கும் ஓனர், விபத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

டீசல் சென்சார் சொன்னதும் திருட்டு என்று முடிவு கட்டுவது

டேங்க்கில் டீசல் அலையும். வண்டி சரிவில் நின்றால் அளவு இறங்கினாற்போல் காட்டும், சமதளத்துக்கு வந்ததும் ஏறும். சென்சார் மாட்டும்போது டேங்க்கைக் காலி செய்து, பத்துப் பத்து லிட்டராக ஊற்றி அளவு பதிய வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டினால் வரும் லிட்டர் கணக்குக்கு அர்த்தமே இல்லை. நாலைந்து வண்டிக்கு சென்சாரே தேவையில்லை என்பது என் கருத்து. ஒரே பங்க்கில் டேங்க் நிறைய அடிப்பது, அடுத்த தடவையும் அங்கேயே நிறைய அடிப்பது, இடையில் ஓடிய தூரத்தை ஜி.பி.எஸ்.ஸில் எடுத்து அடித்த லிட்டரால் வகுப்பது. நாலு தடவை பார்த்தால் அந்த வண்டியின் மைலேஜ் பிடிபட்டுவிடும். திடீரென்று குறைந்தால் முதலில் டயர் காற்றையும் ஏர் பில்டரையும் பாருங்கள், ஆளைப் பிறகு பார்க்கலாம்.

ஓடும் வண்டியை ஆப்பிலிருந்து அணைப்பது

பல கருவிகளோடு ரிலே ஒன்றும் வரும், போனில் ஒரு பட்டனைத் தொட்டால் இன்ஜின் நின்றுவிடும். திருட்டுக்கு நல்லது. ஆனால் ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகும், சிறிய வண்டிகளில் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும், மிதித்தால் கல் மாதிரி இருக்கும். ரிலே வேண்டுமென்றால், நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் வகையில் வயரிங் செய்யச் சொல்லுங்கள். அந்த ஆப்பின் பாஸ்வேர்டை ஆபீஸ் பையனிலிருந்து மச்சான் வரை எல்லோருக்கும் கொடுத்து வைக்காதீர்கள்.

போன் நம்பர் யாருடையது?

சின்ன விஷயம், ஆனால் காசு நிறையப் போகும் இடம். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்று) பதிந்திருப்பது வண்டி எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் நம்பர். பாஸ்டேக்கில் இருப்பது எப்போதோ வேலையை விட்டுப் போன டிரைவர் நம்பர். இ-சலான், அதாவது அபராத மெசேஜ் ஏஜென்ட்டுக்குப் போகும், பேலன்ஸ் தீர்ந்த மெசேஜ் பழைய டிரைவருக்குப் போகும். எப்.சி.க்கு (தகுதிச் சான்று) போய் நிற்கும்போதுதான் கட்டாத சலான்கள் வரிசையாக வெளியே வரும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரை மாற்றலாம். எல்லா வண்டிக்கும் ஓனர் கையில் இருக்கும் ஒரே நம்பரைக் கொடுங்கள்.

பாஸ்டேக்கை டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த வருடாந்திர பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான், மஞ்சள் போர்டு குட்டியானைக்குக் கிடைக்காது.

ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் சோதனையில் செல்லாது. டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்பில் காட்டினால்தான் அசலுக்குச் சமம். டிரைவரின் லைசென்ஸ் அவருடைய போனிலேயே இருக்கட்டும்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டான இ-வே பில்லில் நடக்கும் தவறு வேறு மாதிரி. வண்டி வழியில் பிரேக்டவுன் ஆகி மூன்று மணி நேரமாக நிற்பது ஆப்பில் தெரிகிறது, வேறு லாரியை அனுப்பி லோடையும் மாற்றியாயிற்று. பில்லில் மட்டும் பழைய வண்டி நம்பர். வண்டி விவரம் இருக்கும் 'பார்ட் பி'யில் புது நம்பரை மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. செல்லுபடி 200 கி.மீ.க்கு ஒரு நாள். முடியப் போகிறது என்றால், முடியும் நேரத்துக்கு 8 மணி முன்பிருந்து 8 மணி பின்பு வரை நீட்டிக்கலாம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை பில் வேண்டாம் என்ற பழக்கத்தில், ஓசூரைத் தாண்டும் 60,000 ரூபாய் லோடுக்கும் பில் போடாமல் விடுகிறார்கள். மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000.

வண்டியை விற்கும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். பாஸ்டேக்கை வங்கியில் சொல்லி மூட வேண்டும், கண்ணாடியில் இருப்பதைக் கிழித்தால் மட்டும் போதாது. ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றுங்கள், அல்லது கணக்கை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். ஆர்.சி. பெயர் மாறியதை உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அதுவரை அவர் சிக்னலைத் தாண்டினாலும் சலான் உங்களுக்குத்தான் வரும்.