சேர்வராயன் மலைத்தோற்றத்தைக் காக்கும் திட்ட விதிகளை எழுதுவது எப்படி

"இயற்கை எழில் பாதுகாக்கப்பட வேண்டும்" என்ற வரி எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் எளிதாக இடம்பிடித்துவிடும். அதைக் காட்டி ஒரு ரிசார்ட்டின் மூன்றாவது மாடியைக்கூட நிறுத்த முடியாது. அனுமதிக் கோப்பைப் பார்ப்பவருக்குத் தேவை மீட்டரும் புல எண்ணும். எனவே ஏற்காட்டுக்கோ அடிவாரத்துக்கோ தோற்றப் பாதுகாப்பு கேட்பவர்கள் அளந்து பார்க்கக்கூடிய சொற்களில் கேட்க வேண்டும். ஊரின் நிலப்பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இறுதியாகும் முன்பே கேட்கவும் வேண்டும்.

முதலில் ஊர் எந்த எல்லைக்குள் வருகிறது என்று பாருங்கள். அடிப்படைச் சட்டம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதற்கு மேல், 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களுக்குக் கூடுதல் பரிசீலனை உண்டு. ஏற்காடு மலைப்பகுதி அதில் வருகிறது. பட்டியல் கிராமப் பெயரால் அறிவிக்கப்பட்டது என்பதால், அடிவாரத்தில் ஒரே சரிவின் மேல்பாதி உள்ளேயும் கீழ்பாதி வெளியேயும் இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கீழ்பாதிக்குத்தான் மனைப்பிரிவு முதலில் வரும். அதற்கும் சேர்த்தே விதி எழுதுங்கள்.

அடுத்த வேலை தோற்றத்தைப் பகுதிகளாகப் பிரிப்பது. சேர்வராயன் மலைக்கு ஐந்து பகுதிகள் போதும்: சேலத்திலிருந்து தெரியும் தெற்குச் சரிவு, உச்சிப் புல்வெளியும் சோலைகளும், நிழல்மரம் மூடிய காப்பித் தோட்டங்கள், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் அவற்றின் படிவயல்களும், ஏரியிலிருந்து கிளியூர் அருவி வரை போகும் ஓடைத்தடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: எது இருப்பதால் இந்த இடம் இப்படித் தெரிகிறது, எதை எடுத்தால் கெடும். காப்பித் தோட்டத்துக்கு அது மேலடுக்கு நிழல். சில்வர் ஓக்கை மட்டும் குறிப்பிட்டு, பலா, நாவல், அத்தி போன்றவற்றை விட்டுவிட்டால், எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வேலியோரம் சில்வர் ஓக் நட்டாலே விதி நிறைவேறிவிட்டதாகிவிடும்.

பிறகு படங்கள். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் மேடு, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள், மலையை அண்ணாந்து பார்க்க கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை என்று பொது இடங்களையே தேர்ந்தெடுங்கள். தனியார் மாடியிலிருந்து எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. கைபேசியின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பிடிப்பதால் மலை சிறுத்துவிடும். புதுக் கட்டடமும் சிறுத்து, "ஒன்றும் தெரியவில்லையே" என்பார்கள். இரண்டு மடங்கு ஜூம், கண் மட்டமான 1.6 மீட்டர் உயரம், நின்ற இடத்தின் ஆயத்தொலை, திசை, தேதி: இவை எல்லாப் படத்துக்கும் வேண்டும்.

சரிவை அளக்க 1:50,000 நிலவரைபடம் போதும். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டராக இருந்து, இரண்டு கோடுகள் 2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் சரிவு 20 சதவீதம், அதாவது சுமார் 11 பாகை. ஒரு மில்லிமீட்டரே தள்ளி இருந்தால் 40 சதவீதம், ஏறக்குறைய 22 பாகை. இந்தக் கணக்கைக் கிராமப் புல வரைபடத்தின் மேல் ஏற்றி, செங்குத்தான புல எண்களைப் பட்டியலிடுங்கள். தனி மனை அளவுக்கு இது நுணுக்கம் போதாது. விண்ணப்பதாரர் ஒரு மீட்டர் சம உயரக் கோட்டு இடைவெளியில் அளந்த வரைபடம் தர வேண்டும் என்பதையே ஒரு விதியாக எழுதுங்கள்.

விதிகளில் மிக முக்கியமானது உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பது. சாலை மட்டத்திலிருந்து அளந்தால், மேலே இரண்டு மாடியாக நிற்கும் கட்டடம் பள்ளத்தாக்குப் பக்கம் நான்கு மாடிச் சுவராக எழும். "கட்டடம் தொடும் இயற்கைத் தரையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து கூரை உச்சி வரை" என்று எழுதுங்கள். "இயற்கைத் தரை" என்ற சொல் விடுபட்டால் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டு அங்கிருந்து அளப்பார்கள். முகட்டுக்கு: குறித்த பார்வை இடங்களிலிருந்து பார்க்கும்போது கட்டடத்தின் கூரை மலையின் முகட்டுக்கோட்டை வெட்டக்கூடாது. மண்வெட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஒரு படிக்கு 1.5 மீட்டர்; தடுப்புச்சுவரில் நீர் கசியும் துளைகள் கட்டாயம். பொக்லைனால் நெட்டாக வெட்டிய சரிவு மழைநீரை உறிஞ்சிப் பாரமேறி இறங்கும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்ததை ஊரே பார்த்தது. மண்வெட்டு விதி இருந்தால் தோற்றமும் உயிரும் சேர்ந்தே காப்பாற்றப்படும். கூரைத் தகடு பளபளக்காத நிறம், விளக்கு கீழ்நோக்கி என்பவற்றுக்குத் தலா ஒரு வரி போதும்.

பிரித்துப் பிரித்து விண்ணப்பிப்பதையும் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். பெரிய எஸ்டேட்டைச் சிறு பத்திரங்களாக்கி, ஒவ்வொன்றையும் தனி வீடு என்று காட்டினால் எந்த வரம்பும் தொடாது. திட்டம் அறிவிக்கப்படும் நாளில் ஒரே பட்டாவில் இருந்த நிலம் முழுவதையும் ஒரே வளர்ச்சியாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதுங்கள்.

வரைவு முழுமைத் திட்டம் அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியானதும், ஆட்சேபணைகளுக்கு இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். பகுதி விவரம், படம், சரிவுப் பட்டியல் எல்லாம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் தொடங்கி முடிக்க முடியாது. மனுவில் புல எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம சபைத் தீர்மானம் திட்டக் குழுமத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் மனுவோடு இணையுங்கள். தனி ஆளின் புகார் என்று ஒதுக்குவது கடினமாகும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களுக்கு முன்பே பொருளைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

விதி வந்தபின் அனுமதிகளைத் தொடர்ந்து பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒப்புதல் வரைபடம், நிபந்தனைகள், ஆய்வறிக்கை மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "விவரங்கள் தருக" என்றால் ஒரு வரிப் பதில்தான் வரும். 30 நாளில் பதிலில்லை என்றால் முதல் மேல்முறையீடு. விதிமீறல் தெரிந்தால் அடித்தளம் போடும் நிலையிலேயே, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு, அதே பார்வை இடத்திலிருந்து எடுத்த முன் படத்தையும் பின் படத்தையும் இணைத்துப் புகார் கொடுங்கள்.