குழலில் ஒட்டிய ஈயத்தை எடுக்க செம்பு நார்

.45 ஏசிபி (ஒரு தோட்டா வகை) பிஸ்டலில் மென் ஈயக் குண்டு சுட்டால் குழலுக்குள் வெள்ளிச் சீவல் மாதிரி ஈயம் படியும். மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பார்த்துவிட்டு, குழலைத் தனியே எடுங்கள். தேய்ந்த வெண்கல பிரஷ்ஷில் செம்பு நாரைச் சுற்றி, சேம்பர் பக்கமிருந்து பத்துப் பதினைந்து முறை தள்ளுங்கள். செதில் செதிலாகக் கொட்டும். நார் காந்தத்தில் ஒட்டினால் அது செம்புப் பூச்சடித்த இரும்பு, குழலைக் கீறும்.

சேம்பரை ஒட்டிப் படிந்திருந்தால் பெரும்பாலும் குண்டு ஒல்லி: 0.452 அங்குலம் தேவைப்படும் குழலுக்கு 0.451 போட்டிருப்பீர்கள். வாய்ப்பக்கம் என்றால் குண்டில் பூசிய மெழுகு போதவில்லை.

ஜாக்கெட் குண்டு (செம்பு உறை போட்டது) சுட்டு ஈயத்தைத் துடைப்பது வேண்டாம், அழுத்தம் ஏறலாம். வினிகர், பெராக்சைடு கலவை அதைவிட மோசம். ஈய அசிடேட் என்ற விஷம் உண்டாகும். கொட்டிய தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.