மெதுவாகப் பழகும் பிள்ளை

கோலாலம்பூர் செந்தூலில் என் மகள் போகும் தஸ்காவில் (மலேசியாவில் குழந்தைப் பராமரிப்பு மையத்தை அப்படித்தான் சொல்வோம்) காலையில் வாசலிலேயே அவளை வாங்கி, நேரே விளையாடும் பிள்ளைகள் நடுவில் உட்கார வைப்பார்கள். வெகுநேரம் அழுகை. பிடிவாதம் என்றார்கள். பிடிவாதமே இல்லை, அது அவள் சுபாவம். 1956இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் பிள்ளைகளின் சுபாவம் பற்றித் தொடங்கிய ஆய்விலேயே இப்படி மெதுவாகப் பழகும் பிள்ளைகளைத் தனி வகையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அங்குள்ள அக்காவிடம் பேசினேன். இங்கே விதிப்படி 1 முதல் 3 வயது வரை 5 பிள்ளைகளுக்கு ஒருவர்; நாள் முழுக்க மடியில் வைத்திருக்க முடியாது, சரி. வந்ததும் தூக்காதீர்கள், கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்க்கட்டும், டயப்பர் மாற்றும் முன் அவளிடம் சொல்லுங்கள், இவ்வளவுதான் கேட்டேன். இப்போது அவளே நடந்துபோய் அக்கா பக்கத்தில் உட்காருகிறாள். அடுத்து மதியத் தூக்க நேரம் பற்றிப் பேச வேண்டும்.