20,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: ஆபீஸ் மெஷின் பார்த்து வாங்குவது எப்படி?

அக்கா மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள். இந்த வருஷம் சி++, அடுத்த வருஷம் பைத்தானும் எஸ்கியூஎல்லும். பள்ளி லேபில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். "போன்ல டைப் பண்ணிப் பாத்துட்டேன் மாமா, செமிகோலன் தேடுறதுக்குள்ள என்ன எழுத வந்தேன்னு மறந்துடுது" என்றாள். அக்கா 20,000 ரூபாயைக் கையில் கொடுத்து, "இதுக்குள்ள முடிச்சுக் குடுடா தம்பி" என்றார். முடித்துக் கொடுத்தேன். எங்கே தடுக்கியது, எங்கே ஏமாந்திருப்பேன் என்பதையெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன். மவுஸ், கீபோர்டு மாட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் முடிவெடுங்கள்: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

இந்தத் தொகைக்குப் புது லேப்டாப் பார்த்தால் பெரும்பாலும் செலரான் என்ற அடிமட்ட பிராசசரும் 4 ஜிபி ராமும்தான் கிடைக்கும். பலவற்றில் அந்த ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், பிறகு கூட்ட முடியாது. சிலவற்றில் 64 ஜிபி ஸ்டோரேஜ். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் இறங்கினாலே இடம் தீர்ந்துவிடும். படிக்கிற பிள்ளைக்கு அதை வாங்கித் தராதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்வது, கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ஆபீஸில் தினமும் எட்டு மணி நேரம் ஓடுவதற்கென்றே கட்டியவை. சென்னையில் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு இரண்டிலும் வரிசையாகக் கடைகள் உண்டு. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனிலோ அரசினர் தோட்டம் மெட்ரோவிலோ இறங்கி நடந்துவிடலாம். வேலைநாளில் காலையிலேயே போங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் கடைக்காரரிடம் நிதானமாக எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.

படி 1: ஜெனரேஷனைப் பாருங்கள்

கடையில் முதலில் காதில் விழுவது "அண்ணே, ஐ7 இருக்கு, ஐ5 விலைதான்". ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் பிராசசரின் வரிசைப் பெயர்கள். ஐ7 என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் ஜெனரேஷன், அதாவது பிராசசர் எத்தனையாவது தலைமுறை என்பது: ஐ5-8500 எட்டாவது, ஐ7-2600 இரண்டாவது. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு: ஐ5-10400 பத்தாவது. ஐ7-2600 வந்தது 2011-இல். ஐ5-8500 வந்தது 2018-இல். அதில் ஆறு கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் அலகு), பழைய ஐ7-இல் நான்குதான்.

எட்டுக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஆதரிப்பது, இன்டெலில் பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான். "சார், இதுல விண்டோஸ் 11 ஓடுது பாருங்க" என்று நான்காம் ஜெனரேஷன் மெஷினைக் காட்டுவார்கள். விண்டோஸ் செய்யும் தகுதிச் சோதனையைச் சுற்றிக்கொண்டு ஏற்றினால் அதுவும் ஓடும். அடுத்த பெரிய அப்டேட்டில் கையை விரிக்கும். திரையில் விண்டோஸ் 11 தெரிவதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால், பிராசசரின் முழுப் பெயர் மேலே தெரியும். அதைப் படியுங்கள்.

மாடல் எண்ணை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆப்டிபிளெக்ஸில் 3060, 5060, 7060 எட்டாவது ஜெனரேஷன். 3050, 5050, 7050 அதற்கு முந்தியவை. எலைட்டெஸ்க் 800 ஜி4, திங்க்சென்டர் எம்720, எம்920 இவையும் தேறும்.

இன்னொரு வலை "புது அசெம்பிள்டு ஐ7". பெட்டி புதுசு, போர்டு புதுசு, கலர் கலராக விளக்கு எரியும். உள்ளே இருப்பது ஹெச்61 என்ற பழைய வகை போர்டும் 2011-இன் பழைய பிராசசரும். எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். எண்ணைப் படித்த பிறகுதான் விட்டேன்.

படி 2: கடையிலேயே பயாஸைத் திறந்து பாருங்கள்

பயாஸ் என்பது விண்டோஸ் வருமுன்னே திறக்கும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம். மெஷினை ரீஸ்டார்ட் செய்து டெல் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 தட்டிக்கொண்டே இருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பார்கள். பல ஆபீஸ் மாடல்களில் போகாது.

படி 3: ராமும் எஸ்எஸ்டியும்

8 ஜிபி போதும், ஆனால் ஒரே ஸ்டிக்காகக் கேளுங்கள். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஆகவே சொல்லும் விலை ராமோடு சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான ஸ்டோரேஜ்) இல்லாமல் ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள மெஷினை எடுக்கவே வேண்டாம்.

எஸ்எஸ்டியைச் சோதிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும். பெயரே கேள்விப்படாத பிராண்டாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, பெயர்பெற்ற பிராண்டாக ஒன்றை நீங்களே தனியாக வாங்கிப் போடுங்கள். பிள்ளை எழுதி வைத்ததெல்லாம் இருக்கப்போவது அதில்தான். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படி 4: மானிட்டர் கேபிள் (நான் மூன்று நாள் தவித்த இடம்)

மெஷின் 12,800 ரூபாய். மானிட்டர் மட்டும் புதுசு, 22 இன்ச், 5,500 ரூபாய். பழைய மானிட்டர் வாங்கலாம்தான். தினமும் பார்க்கிற கண்ணை நினைத்துப் புதுசு எடுத்தேன். மானிட்டரோடு ஹெச்டிஎம்ஐ கேபிளும் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் பிரித்து வைத்தால், மெஷினின் பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ துளையே இல்லை. டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகைத் துளை இரண்டு மட்டும். கடையில் அவர்கள் வேறு கேபிளில் ஓட்டிக் காட்டியதை நான் கவனிக்கவில்லை. அக்கா மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "பரவால்ல மாமா, நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உடனே ஆன்லைனில் ஒரு கேபிள் போட்டேன். ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட். இரண்டு நாள் கழித்து வந்தது, சரியாகப் பொருந்தியது, திரையில் "நோ சிக்னல்". மெஷின்தான் போயிற்று என்று நினைத்தேன். பிரச்சினை கேபிளின் திசை. இந்த வகைக் கேபிள் ஒருவழிப் பாதை. "ஹெச்டிஎம்ஐ டு டிஸ்ப்ளேபோர்ட்" என்று விற்பது, ஹெச்டிஎம்ஐ உள்ள கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டருக்கு. நமக்கு வேண்டியது "டிஸ்ப்ளேபோர்ட் டு ஹெச்டிஎம்ஐ". முதலில் சொல்வது கம்ப்யூட்டர் பக்கம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 350 ரூபாய்க்குச் சரியானதை வாங்கி மாட்டியதும் திரை வந்துவிட்டது.

அடையாளம்: ஹெச்டிஎம்ஐ துளை கீழ்ப்பக்கம் இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் முனையில் சிறு பொத்தான் இருந்தால், கழற்றும்போது அதை அழுத்திக்கொண்டே இழுங்கள். அழுத்தாமல் இழுத்தால் உள்ளே கொக்கி பிடித்திருப்பதால் போர்ட்டே சேதமாகும்.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், கடைக்காரர் குறுக்குவழியில் ஏற்றியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் மெஷின்களில் லைசென்ஸ் சாவி போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ இறக்கிப் புதிதாகப் போட்டால், நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். எங்களுக்கு ஆனது.

பல ஆபீஸ் மெஷின்களில் வைஃபை இருக்காது. 400 ரூபாய் யூஎஸ்பி வைஃபை வாங்கும்வரை, மொபைலைச் சார்ஜ் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் நெட் வந்துவிடும்.

சேர்த்தவை

தோழி ஒருத்தி கேட்டாள்: மினி டெஸ்க்டாப் வாங்கலாமா? தாராளமாக. புத்தக அளவுதான், மின்சாரமும் கொஞ்சம்தான். பவர் அடாப்டர் லேப்டாப் போல வெளியே இருப்பதால், போனாலும் மாற்றுவது சுலபம். நடுத்தரப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை) அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம். தெருமுனைக் கடையில் கிடைப்பது பொருந்தாது. மினியில் போடுவது லேப்டாப் ராம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்படி மெஷின் வாங்கிய இன்னொருவருக்கு எல்லாம் சரியாக ஓடியது, ஆனால் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை. வைரஸ் என்று பயந்துபோய்க் கூப்பிட்டார். திரையின் கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று கேட்டேன். 2018. போர்டிலுள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்து, பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றச் சொன்னேன். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்று கூப்பிட்டுச் சொன்னார்.