சவுக்கின் நிழலில் புன்னை: கரையோரக் கலப்புத் தோப்பு நடும் முறை

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வெயிலை நாடும் டக்ளஸ் பிர் என்னும் ஊசியிலை மரம் முதலில் உயர்கிறது. ஹெம்லொக் என்னும் இன்னோர் ஊசியிலை மரம் அதன் நிழலில், பெரும்பாலும் விழுந்து உக்கிய அடிமரத்தின் மேலேயே முளைத்து, பல ஆண்டுகள் பொறுத்திருந்து மேலெழுகிறது. அங்கு இவ்விரு மரங்களும் சேர்ந்து வாழ்வதற்கு இந்த முன்பின் ஒழுங்கே அடிப்படையாகும்.

இலங்கையின் கிழக்கே கல்லடியிலிருந்து திருக்கோவில் வரையான மணற்கரையில் அவ்வாறு முந்தி வளரக்கூடியது சவுக்கு. ஊசியிலை மரம்போலத் தோன்றினாலும் அது பூக்கும் இனமே. அதன் ஊசி ஒன்றைக் கணுவில் பிரித்துப் பார்த்தால், சுற்றிலும் பல் போன்ற 6 முதல் 8 வரையான நுண்செதில்கள் தெரியும். இலைகள் அவைதாம், பச்சை ஊசி கிளையாகும். வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனை அதற்குக் கொடுப்பதால், வெறும் மணலிலும் அது தழைக்கிறது. ஆயினும் சவுக்கை மட்டும் நட்ட தோப்பில் சருகு கனத்த மெத்தையாய்ப் படிந்து புல்லைக்கூட எழவிடாது; மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் அதே சருகு தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

முதலில் காணி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆமை முட்டையிடும் மணற்பரப்பில் எதையும் நடவேண்டாம். கடலுக்கு நேர்முகமாக இராவணன் மீசைப் புல்லையும் அடம்பன் கொடியையும் படரவிடுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது மணலைப் பிடித்து நிறுத்துவதில் அப்படியே உண்மை. அவற்றின் பின்னே தாழையை வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நனைந்ததும், 8 அடி இடைவெளியில், ஒன்றரை அடிக் குழிகளின் அடியில் பொச்சுமட்டையை இட்டு, மாட்டெரு கலந்த மணலில் சவுக்கை நடவேண்டும். அடுத்த மாரியில் அதன் காற்றுமறைவில் வரிசைகளுக்கு நடுவே புன்னையையும் பூவரசையும் நடுங்கள். பனையும் வேம்பும் தரைப்பக்கம் நிற்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நட்டால் உப்புக்காற்று புன்னையின் தளிரைக் கருக்கிவிடும் என்பதால் இந்த ஓராண்டுக் காத்திருப்பைக் குறைக்கவேண்டாம். முதற் கச்சானில் கன்றுகளுக்கு மேற்குப்பக்கம் கிடுகு மறைப்பு அவசியம். சவுக்குச் சருகைப் பாத்தியிலிருந்து ஒதுக்கிவிடுங்கள்.

புன்னை மெதுவாகவே வளரும். சில ஆண்டுகளில் சவுக்கு வரிசைகளின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு மேலே மூடிக்கொள்ளும்போது, ஒன்றுவிட்டொரு மரத்தை மழைக்கு முன் வெட்டி, வேலிக்கும் பந்தலுக்கும் கம்பாக எடுத்துக்கொள்ளலாம். கடலை நோக்கிய முதல் வரிசையை மட்டும் தொடாமல் விடுங்கள். புன்னை தலைநிமிரும்வரை உப்புக்காற்றைத் தாங்கவேண்டியது அதுவே.